கிழக்குக் கடலில் ஓர் அஸ்தமனம்

அக்கா மகளின் கல்யாண ஆல்பம் போன வாரம் வந்து சேர்ந்தது. இந்தக் காலத்து ஆல்பத்தை ஒருவராகப் புரட்ட முடியாது. இருவர் தூக்கிப் பிடிக்க, மூன்றாமவர் பக்கம் திருப்ப வேண்டும். நடுப்பக்கம் இரண்டையும் அடைத்துக்கொண்டு ஒரு படம். ஆரஞ்சு வானம், ஆரஞ்சுக் கடல், கடலைத் தொடும் சூரியன், அதன் எதிரே இரண்டு கறுப்பு உருவங்கள். கீழே வளைந்த எழுத்தில் 'சன்செட் லவ்' என்று போட்டிருக்கிறது. கல்லில் மறந்துபோன இரண்டு தோசைகள் மாதிரி நிற்கிற அந்த உருவங்களில் எது எங்கள் வீட்டுப் பெண், எது மாப்பிள்ளை என்று கண்டுபிடித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. தாய்மாமனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? மூக்கை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் சூரியன் இருந்தது.

இப்படி ஒரு படம் உங்கள் வீட்டிலும் இருக்கும். இல்லையென்று சொல்லாதீர்கள். ஆகவே இதை ஏன் எடுக்கிறோம், யார் ஆரம்பித்து வைத்தது என்கிற விளக்கத்துக்கெல்லாம் நான் போகவில்லை. என் ஆத்திரம் வேறு. அந்தப் படம் எடுக்கப்பட்டது மாமல்லபுரத்தில். மாமல்லபுரம் இருப்பது கிழக்குக் கடற்கரையில். அங்கே சூரியன் கடலில் அஸ்தமிப்பதில்லை. ஒருநாள் அப்படி அஸ்தமித்தால், உட்கார்ந்து ஆல்பம் பார்க்க நாம் யாரும் மிச்சமிருக்க மாட்டோம்.

அப்படியானால் நடுப்பக்கத்தில் மூழ்கிக்கொண்டிருப்பது யார்? அவர் மூழ்கவில்லை, எழுந்துகொண்டிருக்கிறார். விடியற்காலையில் எடுத்த படம் அது. உதயத்தை எடுத்து அஸ்தமனம் என்று எழுதிக் காசு வாங்கியிருக்கிறார்கள்.  அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் கோவளம் விஷயத்தை முடித்துவிட வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கென்று போட்டோக்காரர் கொடுத்த பட்டியலில் முதல் வரியே 'கோவளம் சன்செட்' என்றிருந்தது. கேரளாவுக்குப் போகிறோம் என்று பெண் அன்றைக்கே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். நமக்கு மூன்று கோவளங்கள் உண்டு. ஒன்று திருவனந்தபுரத்துக்குத் தெற்கே. அங்கே சூரியன் ஒழுங்காகக் கடலில் விழும். இன்னொன்று கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் உள்ள மீனவர் ஊர். அங்கேயும் விழும். மூன்றாவது, சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் ஈ.சி.ஆர். சாலையில் இருப்பது. போட்டோக்காரர் சொன்னது மூன்றாவதை. இரண்டு கோவளங்களில் இலவசமாக நடக்கிற காரியத்தை, நடக்காத கோவளத்தில் நடத்தித் தருவதாகப் பேசி முன்பணமும் வாங்கியாகிவிட்டது.

"அங்க சூரியன் கடல்ல விழாதேப்பா" என்றேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம் சார்."

"எப்படிப் பாத்துப்ப? பின்னாடி நின்னு தள்ளுவியா?"

"மாமா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க மாமா" என்றாள் பெண்.

கல்யாணப் பெண் சொன்னால் தாய்மாமன் சும்மா இருக்கத்தான் வேண்டும். அப்போது இருந்ததற்கும் சேர்த்து இப்போது பேசுகிறேன்.

சென்னையில் தொடங்கித் தெற்கே நடந்து வாருங்கள். மெரினாவில் சூரியன் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்து விளக்குக் கம்பங்களுக்குப் பின்னால் இறங்கி, திருவல்லிக்கேணி மாடிகளில் காயும் துணிகளுக்குள் காணாமல் போகும். பெசன்ட் நகரில் அடுக்குமாடிகள் அதற்கு முன்பே மறைத்துவிடும். மாமல்லபுரத்தில் கலங்கரை விளக்கம் நிற்கிற குன்றுப் பக்கம் போய்விடும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் தெருக்களை நூல் பிடித்துப் போட்டிருப்பதால், ஏதாவது ஒரு தெருக்கோடியில் ஒழுங்காக வரிசையில் நின்று இறங்கும். கடலூர் சில்வர் பீச்சில் தேவனாம்பட்டினத்துக்குப் பின்னால். தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டைக்குப் பின்னால். வேளாங்கண்ணியில் மாதா கோயில் கோபுரங்களுக்குப் பின்னால். எங்கே போனாலும் கடலுக்கு முதுகு காட்டி, ஊரைப் பார்த்துத் திரும்பி நின்றால்தான் தரிசனம். அந்த நேரம் பார்த்துக் கடற்கரை முழுக்க ஜனம் கடலைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் சன்செட் ஆகலையே" என்று காத்திருக்கிறது. முதுகுக்குப் பின்னால் எல்லாம் முடிந்து தெருவிளக்கு எரிந்த பிறகு, "மேகம்ப்பா, இன்னிக்கு மறைச்சிடுச்சு" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, மாங்காய் பத்தை வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறது.

கோடியக்கரையில் கரை மேற்கே திரும்புகிறது. சூரியனுக்கும் கடலுக்கும் பேச்சுவார்த்தை ஆரம்பமாவது அதற்கப்புறம்தான். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இரண்டு பக்கமும் கடல் என்பதால் உதயமும் உண்டு, அஸ்தமனமும் உண்டு. கன்னியாகுமரியிலும் இரண்டும் உண்டு. ஆனால் அங்கேயும் வருஷம் முழுக்க இல்லை. மார்கழி, தையில் சூரியன் தெற்கே ஒதுங்கியிருக்கும்போது தண்ணீரில் இறங்குவது நன்றாகத் தெரியும். ஆனி, ஆடியில் வடக்கே நகர்ந்து கரைப் பக்கம் போய்விடும். மே மாத விடுமுறையில் ரயிலேறி, சன்செட் பாயின்டில் ஐஸ்கிரீம் உருக நின்று, தென்னந்தோப்புப் பக்கம் போய்விட்ட சூரியனைத் திட்டிவிட்டு வந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

கடல் என்றால் சூரியன் விழுகிற இடம் என்று நம் தலையில் ஏற்றிவைத்தது சினிமாதான் என்பது என் சந்தேகம். பாரதிராஜா 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்தார், 1986-இல் 'கடலோரக் கவிதைகள்' எடுத்தார். இரண்டுக்கும் அவர் போனது முட்டம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரம். அவருக்குத் திசை தெரியும், அங்கே போனார். படம் பார்த்தவர்கள் எல்லோரும் அவரவருக்குப் பக்கத்திலிருக்கிற கடலுக்குப் போனார்கள்.

இதையெல்லாம்விட என்னைக் கொதிக்க வைக்கிற சேதி ஒன்று இருக்கிறது. படப்பிடிப்பு நடந்தது ஆனி மாதம். ஆனியில் மாமல்லபுரத்திலிருந்து பார்த்தால் சூரியன் நேர் மேற்கில் இறங்குவதில்லை. மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே தள்ளி இறங்கும். வரைபடத்தில் கடற்கரைக் கோயில்மேல் அளவுகோலை வைத்து, அந்தத் திசையில் ஒரு கோடு போடுங்கள். கோடு செங்கல்பட்டுக்குச் சற்று வடக்கே ஓடி, எங்கே வந்து முட்டுகிறது தெரியுமா? காஞ்சிபுரத்தில். அதாவது, மாமல்லபுரத்துக் கடற்கரையில் நிற்பவர்களுக்கு ஆனி மாதச் சூரியன் எங்கள் ஊர் இருக்கும் திசையில்தான் அஸ்தமிக்கிறது. காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் திருப்பருத்திக்குன்றத்தில் மொட்டைமாடி ஏறினால் காசில்லாமல் தெரிகிற அஸ்தமனத்துக்கு, வேன் பிடித்துச் சுமார் 65 கிலோமீட்டர் கிழக்கே போய், அங்கிருந்து திரும்பி எங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு பேக்கேஜ், அதற்கு ஜி.எஸ்.டி.

கோவளத்தில் கூட்டம் அதிகம் என்று போட்டோக்காரரே பிறகு மாமல்லபுரத்துக்கு மாற்றினார். சூரியன் விஷயத்தையும் அவரே தீர்த்து வைத்தார். "காலைல எடுத்துடலாம் சார். போட்டோவுல ரெண்டும் ஒண்ணுதான்."

இதில் கொடுமை, அவர் சொன்னது உண்மை. அசையாத படத்தில் சூரியன் ஏறுகிறதா இறங்குகிறதா என்று எழுதி ஒட்டியிருக்காது. நம் பகுதியில் சூரியத் தட்டின் கீழ்விளிம்பு கடலைத் தொட்டது முதல் மேல்விளிம்பு மறைவது வரை இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. காலையில் அதே கணக்கு தலைகீழாக. போதாக்குறைக்கு, காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால், சூரியன் கடலைத் தொடுவதாக நாம் பார்க்கிற நேரத்தில் உண்மையான சூரியன் ஏற்கனவே அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். ஆக, முட்டத்துக்கே போய் அசல் அஸ்தமனத்தை எடுத்தாலும் அங்கே இல்லாத சூரியனைத்தான் எடுக்கிறோம். இதை போட்டோக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் தனியாகக் காசு கேட்பார்.

 அன்றைக்கு நாங்கள் எழுந்த நேரத்தைக் கேளுங்கள்.

சூரியன் வருவது ஐந்தேமுக்காலுக்கு. அதற்குள் மணலில் நிற்க வேண்டும் என்றால் வேன் மூன்றரைக்குப் புறப்பட வேண்டும். அதற்குள் சேலை கட்ட வேண்டும். அதற்கும் முன்னால் முகத்துக்குப் பூச வேண்டும். ஆகவே அழகுக்கலைப் பெண் நள்ளிரவு ஒரு மணிக்கு வந்து, எங்கள் தெரு நாய்கள் அத்தனையையும் எழுப்பிவிட்டார். ஒரு பெட்டி நிறைய டப்பாக்கள். கன்னத்துக்கு ஒரு பூச்சு, மூக்கின் ஓரத்துக்கு ஒரு பூச்சு, கண்ணிமைக்கு மூன்று நிறம். இரண்டு மணிநேரம் வேலை நடந்தது. நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்லவில்லை. ஆனால் கறுப்பாக வரப்போகிற முகத்துக்கு எதற்கு இமையில் மூன்று நிறம் என்று இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.

எங்கள் பெரியம்மாவுக்கு வேறு வருத்தம். காஞ்சி கருட சேவைக்கு வைகாசியில் ஊரே விடியற்காலையில் எழுந்து வரதராஜப் பெருமாள் கோயில் கோபுர வாசலில் நிற்கும்போது, "தூக்கம் வருது பாட்டி" என்று போர்வையை இழுத்துக்கொள்கிற பெண், இதற்கு மட்டும் ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். "ஏண்டி, நல்ல நேரத்துல எழுந்து, நல்ல சூரியனைப் பாத்துட்டு, அதை எதுக்குடி சாயங்காலம்னு சொல்லிக்கிறீங்க? விடிகாலைன்னே சொன்னா கல்யாணம் நின்னுடுமா?" என்று கேட்டாள். நம்மவர்கள் முகூர்த்தம் முதல் கிரகப்பிரவேசம் வரை எல்லாவற்றையும் விடியலில் வைத்தவர்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் கடன் கொடுக்க மாட்டோம், வீடு பெருக்க மாட்டோம், பக்கத்து வீட்டுக்கு உப்புகூடத் தர மாட்டோம். அப்படிப்பட்ட வீட்டுப் பெண், விடியற்காலையில் கிடைத்த படத்தை விளக்கு வைக்கிற நேரத்துப் படம் என்று ஊருக்குக் காட்டுகிறாள். பெரியம்மா கேட்டதற்கு வேனில் யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

மாமல்லபுரத்தில் கோயில் வேலிக்கு வெளியே மணலில் நின்றோம். கடற்கரைக் கோயிலைக் கட்டியவன் பல்லவன் இராசசிம்மன். எங்கள் காஞ்சியின் கைலாசநாதர் கோயிலும் அவன் கட்டியதுதான். கடற்கரைக் கோயிலில் அவன் கடலைப் பார்த்துக் கிழக்கே ஒரு சன்னதி வைத்தான், ஊரைப் பார்த்து மேற்கே ஒரு சன்னதி வைத்தான். உதயம் எந்தப் பக்கம், அஸ்தமனம் எந்தப் பக்கம் என்று 1,300 வருஷத்துக்கு முன்னால் கல்லிலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் கோயிலின் எதிரே நின்றுகொண்டு ஒருவர், "சார், சன்செட்டுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம், எல்லாரும் தள்ளிக்குங்க" என்று கத்துகிறார். விடிந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் மீனவர்கள் படகைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

பிறகு வழக்கமான கூத்துகள். உள்ளங்கையில் சூரியனை ஏந்துவது, இரண்டு கையையும் சேர்த்து இதயம் செய்து அதற்குள் சூரியனை அடைப்பது, சூரியனை லட்டாகப் பாவித்து வாயில் போட்டுக்கொள்வது, குதிப்பது. எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான், விட்டுவிடுகிறேன். ஆனால் முந்தியை விட மாட்டேன்.

போட்டோக்காரருக்கு முந்தி பறக்க வேண்டுமாம். ஜார்ஜெட் பறக்கும், ஷிபான் பறக்கும். காஞ்சிபுரத்துக் கல்யாணப் பட்டு பறக்காது. ஜரிகை கனத்துக்குப் புயல் அடித்தாலும் அது இடத்தைவிட்டு நகராது, கட்டியிருப்பவரையும் நகர விடாது. ஆகவே அதற்கென்று ஒரு பையன். அவன் முந்தியைத் தூக்கி மேலே எறிந்துவிட்டு, படத்தில் விழாமல் பக்கவாட்டில் ஓடி மணலில் குப்புற விழ வேண்டும். எறிந்தான், ஓடினான், விழுந்தான். முந்தி அவனுக்கு முன்னால் விழுந்தது. மறுபடி எறிந்தான். உப்புக் காற்று ஜரிகைக்கு ஆகாது, ஈர மணல் பட்டுக்கு ஆகாது. சேலையை நெய்த என் அக்கா வீட்டுக்காரர் ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. தறிக்காரர்கள் பொதுவாகவே அதிகம் பேச மாட்டார்கள். அவர் பேசாததையும் சேர்த்து நான் பேச வேண்டியிருக்கிறது.

அந்தச் சேலை என்ன சேலை தெரியுமா? மயில் கழுத்து உடல், அரக்குப் பேட்டு, அதாவது கரை. நீலப் பாவில் பச்சை ஊடை. ஒரு பக்கம் சாய்த்தால் நீலம், மறுபக்கம் சாய்த்தால் பச்சை. பேட்டும் உடலும் கோர்வை. மூன்று நாடா ஓட்ட வேண்டும், தறியில் ஒருவரால் ஆகாது. குழியில் அவர் உட்கார, ஓரத்தில் அக்கா உட்கார்ந்து கரை நாடாவைப் போட, இரண்டு பேருமாக அங்குலம் அங்குலமாக நெய்தது. முந்திக்கு வேறு பாவு. உடல் பாவின் ஒவ்வோர் இழையோடும் முந்திப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்கிப் பிட்னி போட்டார்கள். எத்தனை ஆயிரம் இழை என்று எண்ணிக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும், ஆகவே தறிக்காரர்கள் எண்ணுவதில்லை. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியது 2005-06-இல். அது சும்மா கிடைத்ததல்ல, இந்தக் கோர்வைக்கும் பிட்னிக்கும் சேர்த்துத்தான்.

இந்தப் பட்டு வேலையெல்லாம் எதற்கு? நிறத்துக்கு. நிறத்தை எதில் பார்ப்பது? வெளிச்சத்தில். இது எங்களைவிட வாங்க வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் எந்தப் பட்டுக் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். உள்ளே ஆயிரம் விளக்கு எரிந்தாலும், பெரியவர்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். "டியூப் லைட்ல கலர் ஏமாத்தும், வெயில்ல காட்டுங்க" என்பார்கள். வெயிலில் விரித்து, திருப்பி, சாய்த்து, தோளில் போட்டு, இது அரக்கா மெரூனா என்று அரைமணி நேரம் வழக்காடி, கடைசியில் "இதே கலர்ல இதைவிட ஒரு பொட்டு டார்க்கா இருக்கா?" என்று கேட்பார்கள். அந்த ஒரு பொட்டுக்காகச் சாயப்பட்டறைக்காரர் கொதிக்கிற தொட்டியின்மேல் குனிந்து நிற்கிறார். இத்தனைக்கும் பிறகு அந்தச் சேலையைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தை அதன் முதுகுப் பக்கம் வைத்து, ஒரே கறுப்பாக எடுத்துக்கொண்டு வந்து, "செம்மையா இருக்குல்ல மாமா?" என்கிறார்கள்.

கறுப்பு! நம் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கறுப்புச் சேலை எடுப்போமா? கரையில் கறுப்பு இழை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அதே சேலையைக் காசு கொடுத்துக் கறுப்பாக்கினால் கலை. அந்தப் படத்தைச் சட்டம் போட்டு அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியாயிற்று. தறி பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது நீங்க நெய்ததா? என்ன கலருங்க?" என்று கேட்டார். "மயில் கழுத்து" என்றார் அக்கா வீட்டுக்காரர். வந்தவர் இன்னொரு தடவை படத்தைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகப் பேச்சை மாற்றிவிட்டார்.

இதற்கு மாற்று இல்லையா என்றால், இருக்கிறது. முன்பக்கமிருந்து ஒரு ஃபிளாஷ் போட்டால் போதும், முகமும் தெரியும், வானமும் தெரியும். அதுகூட வேண்டாம், வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் விழவைக்கிற வெள்ளிப் பலகை ஒன்று எல்லாப் போட்டோக்காரரிடமும் உண்டு. எங்களவரிடமும் இருந்தது. முந்தி எறிகிற பையன் அதை மணலில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டான். அந்தக் காலை முழுவதும் அந்தப் பலகைக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான்.

பின்னால் விளக்கை வைத்து உருவத்தைக் காட்டுவது நமக்குப் புதிதா? தோல்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால்தான் விளக்கு. குமரி மாவட்டத்தில் இன்றைக்கும் ஆடுகிறார்கள். ஆட்டுத் தோலைச் சீவி ஒளி ஊடுருவும்படி மெலிதாக்கி, வண்ணம் தீட்டி, பொட்டுப் பொட்டாகத் துளைபோட்டு நகை காட்டுவார்கள். விளக்கின் எதிரே பிடித்தால் இராமர் பச்சையாகத் தெரிவார், சீதையின் சேலைக் கரை தெரியும். ஆட்டுத் தோலில் வருகிற நிறம் பட்டுச் சேலையில் வரவில்லை என்றால் கோளாறு பட்டில் இல்லை.

ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் கறுப்புக் காகிதத்தை முகத்தின் ஓரவடிவத்தில் வெட்டி ஒட்டிக் கொடுப்பது பெரிய வழக்கமாக இருந்தது. யாருக்கு? ஓவியரை உட்காரவைத்து வரையக் காசில்லாதவர்களுக்கு. நிமிஷத்தில் வேலை முடியும், சில்லறையில் கணக்கு முடியும். அந்த ஏழைகள் வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டதை, நாம் லட்சத்தில் பேக்கேஜ் பேசி, நள்ளிரவில் எழுந்து வாங்குகிறோம்.

எங்கள் தாத்தா, பாட்டி படம் ஒன்று இருக்கிறது. ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் திரையில் ஒரு கடல், அதில் பாதி முழுகின சூரியன், ஒரு தென்னை மரம், இரண்டு அன்னம். எல்லாம் யாரோ ஒரு பெயின்டர் வரைந்தது. தாத்தாவும் பாட்டியும் சண்டை போட்டுக்கொண்டு வந்த மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் தாத்தாவின் மீசை முடி எண்ணலாம், பாட்டி மூக்குத்தியில் கல் எத்தனை என்று சொல்லலாம். கடல் பொய், ஆள் நிஜம். இப்போது கடல் நிஜம், ஆள் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. கடலும் ரொம்ப நாள் நிஜமாக இருக்கப்போவதில்லை. 2020-லேயே போட்டோஷாப்பில் வானத்தை மட்டும் கழற்றி வேறு வானம் மாட்டுகிற வசதி வந்துவிட்டது. ஆல்பத்து வானத்தின் ஆரஞ்சு நிறம்கூட அன்றைக்கு அங்கே இருந்ததில்லை. இருந்தது வெளிறிய மஞ்சள், நான் பார்த்தேன். "கலர் கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம் சார்" என்றார் போட்டோக்காரர். வானத்தைக் கம்ப்யூட்டரில் போடலாம், முகம் எப்படியும் தெரியப்போவதில்லை என்றால், அந்த ஒரு மணிக்கு எங்களை எதற்கு எழுப்பினாய்?

திருப்பருத்திக்குன்றத்தில் அஸ்தமனத்தை மதித்த கூட்டம் ஒன்று உண்டு. சமணர்கள். எங்கள் ஊருக்கு ஜினகாஞ்சி என்றே பெயர். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சூரியன் எங்கே இருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் என்பது அவர்களுக்குச் சோற்றுக் கணக்கு. அவர்களுக்கு யாரும் உதயத்தை அஸ்தமனம் என்று விற்றுவிட முடியாது. அப்படி விற்றால் காலையிலேயே ராச்சாப்பாடு போட வேண்டிவரும். இங்கே திரைலோக்கியநாதர் கோயில் சங்கீத மண்டபம், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டியது. அண்ணாந்து பார்த்தால் கூரை நிறைய ஓவியம். ரிஷபநாதர் கதை, வர்த்தமானர் கதை, வரிசை வரிசையாக நிற்கிறவர்கள், நடக்கிறவர்கள், ஆடுகிறவர்கள். நிறம் உதிர்ந்த இடங்கள் உண்டு. ஆனால் மிச்சமிருக்கிற இடத்தில் ஒவ்வொருவருக்கும் கண் தெரிகிறது, கட்டியிருக்கிற துணியின் கோடும் பூவும் தெரிகிறது. அந்தப் பெயின்டர்களுக்கும் கறுப்பு மை கிடைத்திருக்கும். அத்தனை பேரையும் கறுப்பாக அப்பிவிட்டு மதியத்துக்குள் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர்களுக்குத் தோன்றவில்லை.

இத்தனையும் பெண்ணிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "மாமா, முகம் தெரியற போட்டோ நானூறு இருக்கு. அதையெல்லாம் யாரும் லைக் பண்ணல. இதுக்குத்தான் லைக்" என்றாள். முகம் தெரியாததால் வந்த லைக் என்று இதற்கு அர்த்தம் வருகிறது. அதை அவளிடம் சொல்லவில்லை. புதுப்பெண்.

ஆகவே உங்களிடம் சொல்கிறேன். அஸ்தமனம்தான் வேண்டுமென்றால் முட்டத்துக்குப் போங்கள், மார்கழியில் கன்னியாகுமரிக்குப் போங்கள், கொழும்பில் சொந்தக்காரர் இருந்தால் காலிமுகத்திடலுக்குப் போங்கள். நம் பக்கத்துக் கடல்தான் என்றால், உதயத்தை உதயம் என்றே எழுதுங்கள், அதில் ஒரு கேவலமும் இல்லை. எங்கே போனாலும், வெளிச்சம் முகத்தில் விழும்படி ஆளைத் திருப்பி நிறுத்துங்கள். சேலை வாங்கும்போது வாசலுக்கு வந்து வெயிலில் பார்க்கிற புத்தி, படம் எடுக்கும்போதும் இருக்கட்டும். இல்லை, கறுப்பாகத்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால், தயவுசெய்து பாலியெஸ்டர் கட்டிக்கொண்டு போங்கள்.